நிலமில்லாத மாவட்டங்கள்

…வடக்கை இழந்த ஜின் அரசு தெற்கே ஓடிவந்து என்ன செய்தது, எழுது சுகுணா, இன்னும் முக்கால் மணி நேரம்தான், சீனப் பேரரசின் நிர்வாகப் பிரிவுகளை விவரிக்க, இருபது மதிப்பெண்… பறிபோன மாவட்டங்களின் பெயரிலேயே தெற்கில் மாவட்டங்கள் அமைத்தார்கள், நிலமே இல்லாத மாவட்டங்கள், பெயரும் ஆட்களின் பட்டியலும் மட்டும், அகதிகள் இங்கே குடியிருந்துகொண்டே பதிவேட்டில் அங்கத்து ஆட்களாக இருந்தார்கள். அவள் மட்டும் என்ன, டாலிகஞ்சுக்கு வந்து மூன்று வருஷமாகியும் ரேஷன் கார்டில் இன்னும் கச்சால் தீவுதான், கடல் வாரிக்கொண்டுபோன தோட்டத்து லைன் வீட்டின் எண்தான். மாற்றாவிட்டால் மகளைப் பள்ளியில் சேர்க்கமாட்டார்களாம், தம்பி பாலகுமார் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே ஆபீசுக்குப் போய்விட்டான், பரீட்சை முடிந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று தள்ளிப்போட்டது அவள்தான்… ஏன் தள்ளிப்போட்டாள்?

கச்சாலில் பக்கத்து வீட்டிலிருந்த ஒச்சம்மா போன வாரம் வந்து சொன்னாளே, "இங்க ஷாதிபூர் பஸ் ஸ்டாப்புல ஒன் புருசன் மாதிரியே ஒருத்தன் புள்ள, அதே சாஞ்ச நடை, நான் கிட்ட போறதுக்குள்ள ஜீப்புல ஏறிட்டான்." சொல்லிவிட்டு அழுதாள், சந்தோஷத்தில். அவளுக்கென்ன தெரியும், ரப்பர் மரம் கீறும் கத்தியால் நாகராஜ் இவள் தோளில் இழுத்த கோடு ரவிக்கைக்குள் அல்லவா இருக்கிறது. தண்ணீர் வந்த காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான், கேட்டது, நன்றாகவே கேட்டது, அவள் நிற்கவில்லை… எழுது, அந்த அகதிகளைத் தேடி வரிக்கோ ஊழியத்துக்கோ எவனும் வரவில்லை, இல்லாத ஊர்க்காரனை எங்கே போய்த் தேடுவது, பிறகுதான் அவரவர் குடியிருக்கும் இடத்திலேயே பதிய வேண்டுமென்று ஆணை வந்தது, அப்போது அவர்கள் பயந்தார்களா, புத்தகத்தில் அது இல்லை.

மணி அடித்தது. வாசலில் பாலகுமார், முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, காம் ஹோ கயா, வேலை முடிஞ்சிருச்சு! ஆபீஸ் பாபு நாளையிலேருந்து லீவாம், அதான் ஒன் கையெழுத்த நானே போட்டுட்டேன்."

"ஒன் மாமா பேர எடுத்துட்டாங்களா?"

"எடுக்க முடியாதாம். மரணச் சான்று இல்லையே… குடும்பத் தலைவருன்னு அவரையே போட்டுட்டாரு."

கார்டை வாங்கினாள், மை இன்னும் ஈரம், நாகராஜ், டாலிகஞ்ச், வீட்டு எண், சந்து, எல்லாம் அழகான கையெழுத்தில், அதற்குக் கீழேதான் அவள், மனைவி என்று, அப்படியென்றால் வீடு அவனுடையது, நாளைக்கே வந்து கதவைத் தட்டினால்… திறக்கமாட்டேன் என்று சொல்ல அவள் யார்?