தோன் அன்செல்மோவுக்கு வைத்த இரண்டு டம்ளர்கள்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெயர்களைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பாதி மாதெஹுவாலா ஊரே தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டது. வீட்டுத் தலைவர், ஊரார் மரியாதையாகத் ‘தோன்’ சேர்த்துக் கூப்பிடும் எவாரிஸ்தோ சமாரிப்பா, வயது எழுபத்து மூன்று, தபால் நிலையத்தில் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எலோயிசா. எவாரிஸ்தோவின் விதவைத் தங்கை தெல்ஃபினா. எதிர்வீட்டு கூகோ, எவாரிஸ்தோவின் மகனுக்கு ஞானத்தந்தை, அந்த உறவால் நாற்பது வருடமாக இருவரும் ஒருவரையொருவர் ‘கொம்பாத்ரே’ என்றே கூப்பிடுகிறவர்கள். ஐந்தாவது ஆள் இவான், ஆர்.ஓ. வடிகட்டி விற்க வந்தவன். இவர்களைத் தவிர, சுவரில் சட்டத்துக்குள் எவாரிஸ்தோவின் அப்பா, காலஞ்சென்ற தோன் அன்செல்மோ.

சமாரிப்பா வீட்டுக் கிணறு என்றால் தெருவில் ஒரு மரியாதை உண்டு. அன்செல்மோ தனியாளாக ஏழு மாதம் தோண்டிய கிணறு. நகராட்சிக் குழாய் வருவதற்கு முந்தைய வறட்சியில் தெரு முழுவதும் அந்த வாசலில் வாளியோடு நின்றது. யாரையும் வெறும் வாளியோடு அனுப்பியதில்லை. இதை எவாரிஸ்தோ வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்லுவார். அப்போதெல்லாம் எலோயிசா காபிப் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளை உப்புப் பாறையைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

இவான் மேஜைமேல் இரண்டு டம்ளர்களை வைத்தான். “ஐயா, நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நீங்களே பாருங்க. இது உங்க கிணத்துத் தண்ணி, இது நம்ம மெஷின் தண்ணி.” இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தான். மெஷின் தண்ணீர் அசையாமல் நின்றது. கிணற்றுத் தண்ணீர் அரை நிமிடத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, அடுப்பில் மறந்துவிட்ட பீன்ஸ் சாறுபோலத் திப்பிதிப்பியாகப் பொங்கியது.

“கொம்பாத்ரே,” என்றார் கூகோ, “நாப்பது வருஷமா எனக்கு இதைத்தான் ஊத்திக் குடுத்தீங்களா?”

எவாரிஸ்தோ எழுந்து நின்றார். காதுமடல் சிவந்தது. அப்பாவின் படத்தைப் பார்க்கத் துணியாமல் சன்னலைப் பார்த்தார்.

தெல்ஃபினாவுக்கு இதெல்லாம் எட்டவில்லை. அவள் இவான் கொண்டுவந்த ஜாடியிலிருந்து கொஞ்சம் மெஷின் தண்ணீரை வேறு டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “இதுல ஒண்ணுமே இல்லியே. கண்ணாடிய நக்கின மாதிரி இருக்கு.” எலுமிச்சை பிழிந்த வேர்க்கடலைத் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதில் போட்டாள்.

எவாரிஸ்தோ திரும்பினார். “தம்பி, அந்தக் கம்பிய இதுல வை.”

“அதுல உப்பு போட்டுட்டாங்களே ஐயா.”

“வை.”

கிணற்றுத் தண்ணீரைவிடக் கறுப்பாகப் பொங்கியது. கூகோ சிரித்த சிரிப்பில் வேர்க்கடலை புரையேறியது.

“என்ன தம்பி, உன் மெஷினுக்குள்ளயும் எங்க கிணறு இருக்கா?” என்றார் எவாரிஸ்தோ.

இவான் பின்கழுத்தைச் சொறிந்தான். “கம்பி இரும்புங்க ஐயா. தண்ணியில உப்புச்சத்து இருந்தா அது கரையும். கம்பெனியில இப்படித்தான் காட்டச் சொன்னாங்க.”

எவாரிஸ்தோ உட்கார்ந்தார். விஷயம் முடிந்தது என்று அவர் நினைத்தார். எலோயிசா உள்ளே போய் ஒரு தீப்பெட்டியோடு வந்து அதை மேஜைமேல் திறந்து வைத்தாள். உள்ளே பஞ்சின்மேல் ஒரு கல், கொண்டைக்கடலை அளவு. போன வருடம் டாக்டர் எவாரிஸ்தோவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

“கிணறு ஜெயிச்சிருச்சு. சந்தோஷம். இது எந்தக் கம்பி கரைஞ்சு வந்துச்சு?”

“அது குடும்ப விஷயம்.”

“டாக்டர் தண்ணிய மாத்தச் சொன்னதும் குடும்ப விஷயந்தான்.”

ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் இவான் வந்து கழற்றிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. வடிகட்டி சமையலறைத் தொட்டிக்கு அடியில் குடியேறியது. அதிலிருந்து ஒரு குழாய் கழிவுநீரைத் தனியாக வெளியே தள்ளியது. எவாரிஸ்தோ குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். “எங்கப்பா தோண்டினதுல பாதிக்கு மேல வேண்டாமாம் இதுக்கு” என்றார்.

அந்த வாரத்தில்தான் நவம்பர் பிறந்தது. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். கூடத்தில் பீடம் வைத்து, துலுக்கச் சாமந்தி பரப்பி, அன்செல்மோவின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்த சிகரெட்டும் சர்க்கரை தூவிய ரொட்டியும் வைத்தார்கள். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகமெடுக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். எலோயிசா வடிகட்டிக் குழாயைத் திறந்தாள்.

“எங்கப்பாவுக்கு அவர் கிணத்துத் தண்ணிதான்” என்றார் எவாரிஸ்தோ.

“மாமா உசுரோட இருந்தப்பவே அதை வெறுந்தண்ணியா குடிச்சதில்ல. காபியாத்தான் குடிப்பார்.”

இது உண்மை. உண்மை என்பதாலேயே எவாரிஸ்தோவின் குரல் உயர்ந்தது. கடைசியில் தெல்ஃபினா இரண்டு டம்ளர்களையும் பீடத்தில் வைக்கச் சொன்னாள். “அப்பாவே சொல்லட்டும். காலையில எது குறைஞ்சிருக்குதோ அது.” அதற்கு மேல் யாரும் வாதாட முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெண்கள் இருவரும் பூ வாங்கச் சந்தைக்குப் போனார்கள். எவாரிஸ்தோ சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு பீடத்தின் முன்னால் நின்றார். இரண்டு டம்ளரிலும் தண்ணீர் ஒரே அளவில் இருந்தது. கிணற்று டம்ளரையே வெகுநேரம் முறைத்தார். அப்பா மனம் வைத்தால் ஒரு விரற்கடை குறைவது பெரிய காரியமில்லை. நிற்க நிற்கப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ரொட்டியின் ஓரத்தை லேசாகக் கிள்ளினார். பிறகு இன்னும் கொஞ்சம். அது தொண்டையில் அடைத்தது. கண்கள் பிதுங்க, கை தானாக நீண்டு ஒரு டம்ளரை எடுத்தது. மடமடவென்று குடித்தார். தண்ணீரில் எந்த ருசியும் இல்லை. அந்த ருசியின்மை தொண்டையில் ஆறுதலாக இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் எந்த டம்ளர் என்று தெரிந்தது.

வாசல் கதவு திறந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவர் விலகி நிற்பதற்கும் தெல்ஃபினா உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. காலி டம்ளரைப் பார்த்தாள். நிறைந்த டம்ளரைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு வந்த வழியே தெருவுக்கு ஓடினாள்.

பதினோரு மணிக்குள் செய்தி கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. அங்கே தெருக்காரர்கள் எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கூகோ வாளியோடு அருகில் வந்தார். “உங்கப்பாவே மெஷின் தண்ணிதான் கேட்டாராமே, கொம்பாத்ரே. எனக்கும் ஒண்ணு வேணும்னு இவான்கிட்ட சொல்லிட்டேன். செத்தவருக்கே கிணத்துத் தண்ணி பிடிக்கலன்னா நாம எம்மாத்திரம்?”

இறந்தவர் விடைபெற்றுப் போகும் முன்னே அவர் பங்கில் கை வைப்பது மானமுள்ள மனிதன் செய்கிற காரியமில்லை. தன் கையால் தோண்டிய கிணற்றை அப்பாவே வேண்டாமென்றார் என்ற பேச்சோ அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவே போகாது. எவாரிஸ்தோ கல்லறையின் படிமேல் ஏறி நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

“எங்கப்பா அந்தத் தண்ணியக் குடிக்கல. நான்தான் குடிச்சேன். அவருக்கு வச்ச ரொட்டியத் தின்னேன். தொண்டையில அடைச்சுது. கைக்குக் கிட்ட இருந்ததை எடுத்துக் குடிச்சேன். அவ்வளவுதான்.”

துடைப்பங்கள் நின்றன.

“அவர் கிளம்பறதுக்கு முந்தியேவா?” என்றார் கூகோ, மெதுவாக.

“முந்தியேதான்.”

எலோயிசா கல்லைத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “கிணத்து டம்ளர்தான் கிட்ட இருந்துச்சு. வச்சவ நான்.”

எவாரிஸ்தோ வீட்டிலிருந்து தட்டு போட்டு மூடி எடுத்துவந்த கிணற்று டம்ளரைத் திறந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அப்பாவின் கறுப்புக் கல்மேல் ஊற்றினார். வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் காய்ந்த இடத்தில், தபால் முத்திரைபோல வட்டமாக, மெல்லிய வெள்ளைக் கறை ஒன்று எழும்பியது. எலோயிசா அதைப் பார்த்தாள். கையில் ஈரத்துணி இருந்தும் துடைக்கவில்லை.

அன்று மாலையே எவாரிஸ்தோ வடிகட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அனுப்பவில்லை.