வியர்க்காத கன்னம்

பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று மெட்ராஸ்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏப்ரல் மாதத்து மத்தியானத்தில் ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் ஒரு நடை நடந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று தெரியும். மேலே தகரம், கீழே சிமெண்ட், நடுவில் மனுஷி அப்பளம் மாதிரிப் பொரிவாள். அந்த வெயில் காலத்தில் சந்துப் பெண்கள் எல்லாரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். வெள்ளரிக்காயை அரைத்துப் போடு, தயிரில் கடலைமாவைக் குழை, முல்தானி மிட்டி பூசு, தக்காளியை வெட்டித் தேய். கேட்டவளுக்கும் சொல்வார்கள், கேட்காதவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தும் சொல்வார்கள்.

வனஜா கேட்காதவள். சிக்பேட்டையில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று பட்டுப் புடவைகளை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி தின்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். பெண் நிறம் கொஞ்சம் கம்மி என்று தரகர் வாயால் பதில் வரும். சொன்னவன் என்னவோ சந்திரனிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி! வனஜா முதலில் அழுதாள். அப்புறம் கோபப்பட்டாள். அதற்கும் அப்புறம் ஒன்றுமே வரவில்லை. யாராவது வந்தால் புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். போனதும் அவிழ்த்து மடித்து வைப்பாள். கடையில் செய்வதும் அதுதானே.

அவளுக்காகக் கவலைப்படுகிற பொறுப்பை அண்ணி உஷா எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மூன்றே பேர். அண்ணன் அசோகன் கார்ப்பரேஷன் வேலைக்குப் போய்விட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால் கூரையே விழுந்தாலும் எழுந்திருக்காத ஆள். உஷா கெட்டவளில்லை, வாய்தான் நீளம். அந்த ஏப்ரலில் தினமும் காலையில் கடலைமாவையும் தயிரையும் குழைத்துக் கிண்ணத்தில் வைத்துவிடுவாள். வனஜா பூசிக்கொள்வாள், காய்ந்ததும் கழுவுவாள். எதற்கு என்று கேட்டதில்லை.

ஒரு நாள் உஷா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அடியே, கலர் வருதுடி! பாரு பாரு, இந்தப் பக்கம் செவந்துட்டே!”

வலது கன்னத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. நாளாக நாளாக அந்த இடம் அகலமானது. உஷா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கன்னத்தில் பிடித்துவிட்டது, இன்னொரு கன்னத்தில் பிடிக்காமலா போகும் என்றாள். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் கடலைமாவு வாங்கப் போனார்கள். கடையிலும் இதே கதை. மின்விசிறி ஓடாத நேரத்தில் மற்றப் பெண்களுக்கெல்லாம் பவுடர் வழிந்து கோடு கோடாக நிற்கும். வனஜாவின் அந்த ஒரு இடத்தில் மட்டும் காலையில் போட்ட பவுடர் போட்டபடி இருக்கும். கொடுத்து வைத்த முகம் என்று பொறாமைப்பட்டார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? நிறம் என்று வந்துவிட்டால் நம் ஜனங்களுக்குக் கண்ணும் போகும், புத்தியும் போகும்.

அப்போதுதான் பக்கத்து ஊர் ஆனேக்கல்லிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் உத்தமன், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். போட்டோவைப் பார்த்ததுமே வனஜாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தை மாதத்தில் அம்மாவோடு கடைக்கு வந்தவன். அவன் அம்மா ஒரு புடவைக்காக இருபது புடவையைப் பிரிக்கச் சொல்ல, அவன் பேசாமல் வனஜாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று முந்தானையைப் பிடித்து ஒவ்வொன்றாக மடிக்க உதவினான். கோணலாகத்தான் மடித்தான். இத்தனை வருஷத்தில் எந்த ஆம்பிளையும் அதைச் செய்ததில்லை.

“ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். இன்னா சொல்றே?” என்று உஷா கேட்டாள்.

“வரட்டும் அண்ணி.”

உஷா வாயைப் பிளந்தாள். அந்த வீட்டில் வனஜா தன் வாயால் வரட்டும் என்று சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

உடனே ஃபேஷியல் செய்யவேண்டும் என்று கிளம்பிவிட்டாள் உஷா. மல்லேஸ்வரம் போகிற வழியில் வீணா என்கிற கன்னடப் பெண் பார்லர் வைத்திருந்தாள். நன்றாகத் தமிழ் பேசுவாள், நடுவில் கன்னடமும் வந்து விழும். வனஜாவைச் சாய்த்து உட்கார வைத்துக் ஆவி பறக்கிற வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்தாள். அவசரத்தில் ஆற விடாமல் வலது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். வனஜா சும்மா இருந்தாள். அதே துண்டை எடுத்து இடது கன்னத்தில் வைத்தபோது, “ஆ! சுடுது!” என்று துள்ளினாள்.

வீணா துண்டைப் பார்த்தாள். வலது கன்னத்தைப் பார்த்தாள். அது சிவந்து கன்றிப்போயிருந்தது.

“அய்யோ தேவரே! இந்தப் பக்கம் சுடலியா உனக்கு? இன்னும் பிசியா, நல்லா சூடா இருந்ததே!”

“இல்லியே.”

வீணா கையைத் துடைத்துக்கொண்டாள். “உஷாக்கா, இது கலர் அல்ல. நான் ஒண்ணும் பூச மாட்டேன். சும்னே லேட் பண்ண பேடா, பண்ணாதே. டாக்டர்கிட்ட தோர்ஸு, போய்க் காட்டு.”

உஷா வீணாவைத் திட்டிக்கொண்டேதான் மறுநாள் வனஜாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தோல் டாக்டர் ஒரு தமிழ் அம்மாள். வனஜாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரி மாதிரித் திரித்து, தொடும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். நெற்றியில் தொட்டார், சொன்னாள். மோவாயில் தொட்டார், சொன்னாள். இடது கன்னத்திலும் சொன்னாள். அப்புறம் வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டாள் வனஜா.

டாக்டர் நிறுத்தவேயில்லை. கண்ணைத் திறந்தபோது பஞ்சு அவள் வலது கன்னத்தில் இருந்தது.

முதுகிலும் முழங்கையிலும் அதே மாதிரி வெளுப்புகள் இருந்தன. முதுகை யார் பார்த்தது? டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“தொழுநோய்மா. பயப்படாதீங்க, முழுசா குணமாகும். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடணும். ஆரம்பிச்சிட்டா யாருக்கும் ஒட்டாது. கல்யாணம் பண்ணிக்கலாம், குழந்தை பெத்துக்கலாம். ஆனா இப்பவே விடாம சாப்பிட்டாத்தான் உணர்ச்சி திரும்பி வர வாய்ப்பு. தள்ளிப் போட்டா போனது போனதுதான்.” மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “இன்னொண்ணு. இதுல ஒரு மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். முகம் நல்லாவே கறுக்கும். மருந்து முடிஞ்சப்புறம் மெல்ல மெல்லப் போயிடும். வெயில்ல குடை இல்லாம போகாதீங்க. அந்த இடம் வியர்க்காது, காஞ்சு போகும், எண்ணெய் தடவுங்க. மாவு கீவு எதுவும் வேணாம்.”

வனஜா தலையை ஆட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த நோயைப் பற்றிக் கேட்பது போலத்தான் இருந்தது. முதல் வேளை மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார்கள், விழுங்கினாள். மீதி அட்டையை உஷா வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உஷா முதலில் கதவைச் சாத்தினாள்.

“பெருவியாதின்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல நாம குடியிருக்க முடியுமா? மூச்சு விடாதே. கல்யாணம் முடியட்டும், அப்புறம் இந்த மாத்திரையைத் துண்ணு. இப்ப துண்ணா தாலி ஏர்றதுக்குள்ள மூஞ்சி கறுத்துடும்.”

அட்டையை பீரோவின் மேல் வைத்தாள். அசோகன் அவள் சொல்வதுதான் சரி என்றான். வனஜா மறுநாள் மாத்திரை சாப்பிடாமல் கடைக்குப் போய்ப் புடவை மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உத்தமனும் அவன் அம்மா சந்திரம்மாவும் வந்தார்கள். உஷா கன்னத்தில் இருந்த கன்றலைப் பவுடர் போட்டு மறைத்திருந்தாள். சந்திரம்மா நல்ல மனுஷி. வந்ததும் தட்டையும் தம்ளரையும் தள்ளி வைத்துவிட்டு, “நிக்காதேம்மா, கடையிலதான் நாள் பூரா நிக்கிறே, இப்டி குந்து” என்று வனஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். உத்தமன் எதிரில் உட்கார்ந்து, ஏறிட்டுப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தான்.

“எம் புள்ள அன்னிக்கே சொல்லிட்டான், கட்டினா அந்தப் பொண்ணுதான்னு. எவ்ளோ லட்சணமா கீறே!” என்று சந்திரம்மா வனஜாவின் கன்னத்தைத் தடவினாள்.

தடவினாள் என்பது வனஜாவுக்கு எப்படித் தெரியும்? கடைக்கண்ணில் வளையல் தெரிந்தது. கை மேலும் கீழும் போவது தெரிந்தது. பெண் பார்க்க வந்த இத்தனை பேரில் ஆசையாக அவளைத் தொட்டவள் இந்த ஒருத்திதான், அந்தத் தொடல் அவளுக்கு வந்து சேரவில்லை. ஆஸ்பத்திரியில் வராத பயம் இப்போது வந்தது. நாளைக்கு இந்த வீட்டுக்குப் போய், அவனும் இப்படித் தொட்டு, அதையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

“அத்தே, நீங்க தொட்டது எனக்குத் தெரியல.”

வெட்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று சந்திரம்மா சிரித்தாள். “இன்னாம்மா?”

“அந்த எடத்துல உணர்ச்சி இல்ல. தொழுநோய்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டா போயிடும், யாருக்கும் ஒட்டாதுன்னாங்க. மொகம் மட்டும் கறுத்துடும்.”

சமையல்கட்டு வாசலில் நின்ற உஷா வாயைப் பொத்திக்கொண்டாள். சந்திரம்மாவின் கை இறங்கியது. இறங்கிய கை தன் புடவையில் தானாகவே தேய்த்துத் துடைத்துக்கொண்டது. துடைப்பது அவளுக்கே தெரியவில்லை. உத்தமன் அதைப் பார்த்தான், முகம் சுண்டிப்போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

“ஆனேக்கல் பஸ்ஸு போயிடும், எழுந்திருடா” என்றாள் சந்திரம்மா.

அவன் எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு தடவை திரும்பினான்.

“மருந்தை வுட்றாதீங்க” என்றான். அவ்வளவுதான். அம்மா பின்னாலேயே போய்விட்டான்.

உஷா வனஜாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். கைக்கு வந்ததைக் காலால் உதைத்துவிட்டாள், குடி கெட்டது, இனி இந்தத் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று தலையில் அடித்துக்கொண்டாள். அசோகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வனஜாவுக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது. அந்த ஆள் போய்விட்டான் என்று வலித்தது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த அட்டையை எடுத்தாள்.

“அதைத் துண்ணாதேடி! கறுத்துட்டா அப்புறம் எவன் வருவான்?” என்று உஷா கையைப் பிடித்தாள்.

வனஜா கையை விடுவித்துக்கொண்டு மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“கறுக்கட்டும் அண்ணி. யாராச்சும் என்னைத் தொட்டா எனக்குத் தெரியணும்.”