சுறாவுக்கு ஓரம் உண்டு

என் வேலை ஆண் சுறாவின் விதைக்கொட்டையை அறுப்பது. யாராவது கேட்டால் "மீன் ஆராய்ச்சி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஒருமுறை உண்மையைச் சொல்லப்போய், நாத்தனார் ஒரு வாரம் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். சுறாவிடம் ஒரு வசதி உண்டு. விந்தணுக்கள் முளைத்து வரும் குருத்தணுக்கள் எல்லாம் ஒரே ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து எதிர் ஓரம்வரை, உயரப்படி நிறுத்திய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, விந்தணுக்கள் வளர வளர வரிசையாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஓரத்தையே சீவித் தள்ளிவிட்டேன். ஆய்வகத்து மேடம் விளாசிவிட்டார். "குருத்தைக் குப்பையில போட்டுட்டு மட்டையை எண்ணிக்கிட்டு இருக்கியா?"

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் நான் ஓரத்தைத் தவறவிட்டதில்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது. தொடை எலும்பில் கட்டி. திங்கட்கிழமை மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்து கட்டியோடு அவனுடைய குருத்தணுக்களையும் கொன்றுவிடக்கூடும் என்றார் டாக்டரம்மா. விந்தை எடுத்து வைக்கலாம் என்றால் அது ஊறும் வயசும் இல்லை. அதனால் முன்னதாகவே விதையிலிருந்து சின்னத் துண்டு எடுத்து உறைய வைக்கலாம், பின்னால் குழந்தை பெற அது பலிக்குமா என்று உத்தரவாதம் கிடையாது என்றார்.

"டாக்டர், ஓரத்தை மட்டும் விட்டுடாதீங்க." வாய் முந்திக்கொண்டது.

"எந்த ஓரம்?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மனுஷனுக்கு அப்படி ஓரம் கிடையாதும்மா. எல்லா இடத்துலயும் சிதறித்தான் இருக்கும்."

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையும் என் பிள்ளைக்கு உதவவில்லை.

துண்டு எடுப்பதற்கான சம்மதப் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். அதை மெதுவாகப் படித்தார், பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல பையன் பொழைக்கட்டும். பேரப்பிள்ளைக்கு இப்பவே தொட்டில் கட்டணுமா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்திலேயே பிடித்தேன். "விதைநெல் எடுத்து வைக்கிறவன் மழை வரும்னு எழுதி வாங்கிக்கிட்டா வைக்கிறான்?"

அவர் சுவரைப் பார்த்து நின்றார். "ரெண்டாம் பக்கம் படிச்சியா?"

படிக்கவில்லை.

"பயமா இருக்குடி. அவன் இல்லாம போயிட்டா அந்தத் துண்டை என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

உள்ளே வந்து பார்த்தேன். இரண்டு கட்டங்கள். அழித்துவிடலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். எத்தனையோ சுறாவை அறுத்த கை, பேனாவைப் பிடிக்க மறுத்தது.

அவர் பின்னாலேயே வந்தார். படிவத்தை என்னிடமிருந்து இழுத்து, முதல் பக்கத்தில் 'எத்தனை ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்?' என்ற இடத்தில் முப்பது என்று எழுதினார். எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"அவனுக்கு அப்போ முப்பத்தொம்பது" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கை வந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஆராய்ச்சிக்கு என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அப்படி ஒரு நாள் வரவே கூடாது. வந்தால், அறுக்கிறவள் என்னை மாதிரி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பார்த்து அறுப்பாள்.