ரோஸ்கோவின் சிறைக்கு உரியவள்

கஞ்சாக் கடை உரிமம் ஷெரீஸுக்குக் கிடைக்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து லவர்னுக்கு வயிறு எரிந்தது. கஞ்சாவுக்காகச் சிறை போனவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கடை வைப்பதில் முன்னுரிமை என்று மாநிலம் இப்போது சட்டம் போட்டிருந்தது. காதலன் ரோஸ்கோ கஞ்சா வழக்கில் சிறைக்குள் இருந்தபோது ஞாயிறுதோறும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தவள் லவர்ன். வெளியே வந்தபின் அவன் மோதிரம் போட்டது ஷெரீஸுக்கு. போன குளிர்காலத்தில் மாரடைப்பில் அவன் இறந்ததும் அவள்தான் விதவை. சட்டத்தின் கண்ணில் அவள்தான் குடும்பம்.

தெருக்காரர்கள் சம்மதித்தால்தான் கடை. அவர்கள் வசித்த லான்டேல் பகுதியில், தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூட்டம். எதிர்த்துப் பேசுவதென்றே லவர்ன் வந்திருந்தாள். ஷெரீஸின் புது விக்கைப் பார்த்ததும் அந்த முடிவு இன்னும் இறுகியது. விக் அவளுக்கு நன்றாக வேறு இருந்தது.

"என்னமா சிரிக்கிறா பாருடி," என்றாள் பக்கத்தில் இருந்த டோரத்தியா. "கடை வந்தா உனக்கு ஓசியில குடுப்பாளா?"

"அவ குடுத்து நான் வாங்கணுமா? பேசாம கேக்கைத் தின்னு."

முடிவெட்டும் கடைக்காரர் ஹோலிஸ் எழுந்தார். "ஏம்மா ஷெரீஸ், நீ இந்தத் தெருவுக்கு வந்தே நாலு வருஷம்தான். எங்க புள்ளைங்களை போலீஸ் அள்ளிட்டுப் போனப்ப நீ எங்க இருந்த? உனக்கு என்ன அடி விழுந்துச்சு, சொல்லு."

ஷெரீஸ் தடுமாறினாள். "அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரு... பார்க்கப் போறவங்களும்தான். பூவெல்லாம் எடுத்துட்டுப் போவாங்க..."

"பூவா?" லவர்ன் எழுந்துவிட்டாள். "ஜெயிலுக்குள்ள யாருடி பூவை விட்டது?"

கூடமே திரும்பிப் பார்த்தது. இனி உட்கார முடியாது.

"ப்ராவுல இருக்கிற கம்பிக்கு வாசல்ல மிஷின் கத்தும். திருப்பி அனுப்பிடுவானுங்க. பார்க்கிங்ல நின்னு பல்லால கடிச்சு அந்தக் கம்பியை உருவுவேன். உள்ள போனா ரெண்டு கையும் மேஜை மேல தெரியணும். அவங்கம்மா செத்த சேதியை நான்தான் போய்ச் சொன்னேன். அழுதான். கட்டிக்கலாம்னு எந்திரிச்சேன். அவ்வளவுதான், நேரம் முடிஞ்சுதுன்னுட்டான் காவல்காரன். எல்லாம் ஒரு பொட்டலத்துக்கு! இப்ப கோட்டு போட்டவனெல்லாம் வரிசையில நின்னு வாங்குறானே, அதே பொட்டலத்துக்கு!"

"சொல்லு, சிஸ்டர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நெசம்!" என்று இன்னொன்று. ஷெரீஸிடம் இல்லாதது தன்னிடம் இருப்பதை ஊரே பார்க்கிறது என்பதில் லவர்னுக்கு ஒரு சுகம். ஹோலிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்குச் சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார் பாஸ்டர். கூடம் முழுக்கக் கைகள்.

அப்போதுதான் தான் செய்த காரியம் லவர்னுக்கு உறைத்தது.

ஷெரீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, எனக்காகப் பேசி..."

"உனக்காக ஒரு வார்த்தை பேசல."

"சரிக்கா." அவள் நகரவில்லை. "என்கிட்ட அவரு ஒருநாளும் அழுததில்ல. ஜெயிலைப் பத்திக் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. வேற என்னக்கா சொன்னாரு?"

அந்தக் கண்களில் இருந்தது என்னவென்று லவர்னுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாள் அவள் வயிற்றை எரித்ததும் அதுதான். ரோஸ்கோ சொன்னவை இன்னும் நிறைய இருந்தன. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கடையை ஒழுங்கா நடத்து," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள்.