அவசரப்படாத பக்கம்

எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு. கல்யாணமான புதிதில் என் கணவரே இதைச் சொன்னார். அப்போது அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. பக்கவாதம் வந்த பிறகு வலது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை, வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. அவர் "அந்த... அந்த..." என்று ஆரம்பித்தால் போதும், "கண்ணாடியா? தண்ணியா? மாத்திரையா?" என்று நான் கடை விரித்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் நேரம் வாங்க வேண்டும். இணையத்தில்தான் வாங்க முடியும். அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்ததும் நான் வேலை பார்க்கும் மென்பொருள் குழுதான். "குடுங்க, நான் போட்டுடறேன்" என்று கையை நீட்டினேன். அவர் இடது கையால் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நா...னே."

"இந்த ஜென்மத்துல முடியுமா?"

முறைத்தார். அந்த முறைப்பு மட்டும் பழைய வேகத்திலேயே இருந்தது.

சட்டைப் பொத்தான் மாட்டுவதிலிருந்து முகம் மழிப்பது வரை எல்லாவற்றுக்கும் என் கை வேண்டியிருந்தது. இந்த ஒன்றையாவது தானே செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சரி, ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் போயிற்று. கேட்டால் "இடம்... இல்ல" என்றார். பயிற்சி தள்ளிப்போனால் கை அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்களை வாய் வலிக்கத் திட்டினேன்.

தினமும் காலையில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஆபீஸ் கூட்டத்தில் உட்கார்வேன். அன்று எங்கள் குழுப் பையன், விரல் வேகத்துக்காக நாங்கள் 'மின்னல்' என்று கூப்பிடுகிறவன், ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குள் யார் எப்போது வந்து போனார்கள் என்ற பதிவைத் திரையில் காட்டினான்.

"அக்கா, இதைப் பாருங்க. தினம் காலையில ஒரே போன். உள்ள வருது, பேரைப் போடுது, ரெண்டு நிமிஷம் ஆனதும் வெளிய போகுது. உடனே திரும்ப வருது. மனுஷன் எவனாவது இத்தனை தடவை மெனக்கெடுவானா? தானா ஓடுற ரோபோ புரோகிராம்தான். இனிமே உள்ள வராம பூட்டிடவா?"

இரண்டு நிமிடம் என்பது ஆஸ்பத்திரி கேட்டது. பொதுக் கணினியில் ஒருவர் பாதியில் எழுந்து போனால், அடுத்தவர் அவர் விவரத்தைப் பார்த்துவிடக் கூடாது. அதனால் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்காதவரைப் பக்கம் வெளியே தள்ளிவிடும், எழுதியதும் அழிந்துவிடும். நாங்கள் எல்லோரும் சோதித்துப் பார்த்தோம். எங்கள் விரல்களுக்கு அரை நிமிடமே தாராளம்.

"பூட்டிடு" என்று சொல்ல வாயெடுத்தவள், பதிவை ஒரு தடவை உற்றுப் பார்த்தேன். என்ன எழுதினார்கள் என்பது அதில் தெரியாது. எப்போது எழுதினார்கள், எப்போது அழித்தார்கள் என்பது தெரியும். ஒரு எழுத்து. நீண்ட இடைவெளி. இன்னொரு எழுத்து. அதை அழித்தது. மறுபடி ஒரு எழுத்து. ரோபோ எங்கேயாவது எழுதி அழிக்குமா? கீழே போனின் மாடலும் இருந்தது. "இந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்று வீட்டில் நான் தினம் திட்டுகிற அதே மாடல்.

எழுந்து கதவை லேசாகத் திறந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இடது விரலால் தட்டிக்கொண்டிருந்தார். 'நேரம் முடிந்தது' என்று திரை மாறியது. அவர் பெருமூச்சு விட்டு, தன் வலது கையை ஒரு பார்வை பார்த்தார். குற்றம் அதன் பேரில்தான் என்று நினைத்துவிட்டார், பாவி மனிதர். விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். 'இடம் இல்ல' என்று ஒரு வாரமாக அவர் சொன்னது இதை மறைக்கத்தான்.

"அக்கா, பூட்டிடவா?"

"கீபோர்டுலேர்ந்து கைய எடுடா!" என்று சீறினேன். "அது ரோபோ இல்ல. என் வீட்டுக்காரர்."

மின்னல் கீபோர்டைத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "என்ன மாத்தணும், சொல்லுங்கக்கா."

"விரல் அசையுதுன்னா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். அசையற வரைக்கும் வெளிய தள்ளாத. நேரம் முடியப் போகுதுன்னா, 'இன்னும் நேரம் வேணுமா?'ன்னு பெரிய பட்டன் போட்டுக் கேளு. திரும்பி வந்து உள்ள நுழைஞ்சா, எழுதினது அப்படியே இருக்கணும். கை நடுங்கி ரெண்டு தடவை அமுக்கினா ஒண்ணாவே எடுத்துக்கோ. 'தவறான உள்ளீடு'ன்னு மொட்டையா மிரட்டாத, எந்த இடத்துல என்ன தப்புன்னு மனுஷ பாஷையில சொல்லு."

யாரும் தொடாமல் கிடக்கும் பக்கம் முன்போலவே மூடிக்கொள்ளும் என்றதும் ஆஸ்பத்திரியும் சம்மதித்தது. மின்னல் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் இடது விரலால் சோதித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பிள்ளை மெதுவாகத் தட்டினான்.

மாற்றம் வந்த மறுநாள் காலை, கூடத்திலிருந்து "ஏ...ய்!" என்று சத்தம். விழுந்துவிட்டாரோ என்று அலறியடித்து ஓடினேன். போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை, பயிற்சி நேரம் உறுதி.

எல்லாம் என் வேலைதான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். இது அவருடைய காலை.

"பக்கம்... இன்னைக்கு..." என்றார்.

சீக்கிரம் திறந்துச்சா, எழுத்து பெருசா இருந்துச்சா என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன இவள் பேசாமல் இருக்கிறாளே என்று அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"...காத்திருந்துச்சு."

"ம்."

"உன்ன... மாதிரி..."

கண் கலங்கிவிட்டது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"...இல்ல" என்று முடித்து, பாதி வாயால் சிரித்தார். தோளில் ஒன்று போட்டேன்.

அவர் சிரிப்பு அடங்கியது. உதடு மறுபடி ஒரு வார்த்தையைத் தேடியது. எடுத்துக் கொடுக்க என்னிடம் பத்து வார்த்தை இருந்தது. ஒன்றையும் கொடுக்கவில்லை. மேசையில் இரண்டு டீயும் ஆறிக்கொண்டிருந்தன.

"இப்போ..." என்றார். வெகு நேரம் கழித்து, "நீயும்" என்றார்.