ஒரு நொடிகூடத் தடையில்லாமல்

வெளியூர் முதலாளிகளைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பக்கம் தொழில் தொடங்க வரவழைப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. தொழிற்பேட்டை கட்டி ஒன்பது வருடமாகிறது. பதினான்கு ஷெட். பதிமூன்றில் புறாக்கள், ஒன்றில் வாட்ச்மேன். எங்கள் மேனேஜருக்கு 'ஆகட்டும்' என்று பெயர் வைத்தது நான்தான். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார். ஒரு மண்ணும் ஆகாது.

இந்த லட்சணத்தில், தண்ணீர் மோட்டார் கம்பெனி நடத்தும் ஒரு அம்மாள் வியாழக்கிழமை இடம் பார்க்க வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அக்காவுக்காக. பேட்டைக்கு அடுத்த தெருவில் அவள் லேத் பட்டறை வைத்திருக்கிறாள். வேலை போதவில்லை என்று மாமா போன வருடமே நகரத்துக்குப் போய்விட்டார். அவளையும் வரச் சொல்லி வாரம் தவறாமல் போன் செய்வார். நான்தான் பிடித்து வைத்திருந்தேன்.

"ஒரு கம்பெனி வந்துட்டா போதும்க்கா. மாமாவே திரும்பி வந்துடுவாரு."

"இதையேதான் ஒரு வருஷமா சொல்ற. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் கிளம்பிடுவேன்."

அவளும் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் சொந்தமென்று யாரும் கிடையாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், தொழில் வளர்ச்சியெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

எங்கள் ஊரில் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வியாழன் முழுக்கப் பேட்டையில் ஒரு நொடிகூட மின்சாரம் தடைபடக்கூடாது என்று மின்சார ஆபீசுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று முறை நேரில் போய் நச்சரித்தேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

அந்த அம்மாள் வந்தார். எல்லா விளக்கும் எரிந்தது, எல்லா மின்விசிறியும் சுற்றியது. பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார்.

"ஷெட்டு எல்லா ஊர்லயும் இருக்கு. என் மெஷின்ல ஒரு பாகம் உடைஞ்சா அன்னைக்கே செஞ்சு தர இங்க ஆள் இருக்கா? அதைக் காட்டுங்க."

எனக்கு வாயெல்லாம் பல். ஆகட்டும் பின்னாலேயே வர, நேரே அக்காவின் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு லேத்தும் ஓடவில்லை. அக்கா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு பித்தளை வளையத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலருந்து கரண்ட் இல்லீங்க," என்றாள். "பேட்டைக்கு விடாம குடுக்கணும்னா எங்க தெருவை நிறுத்தித்தான் ஆகணுமாம். யாரோ லெட்டர் எழுதியிருக்காங்களாம்."

"நம்ம தம்பிதான்மா எழுதினாரு," என்றார் ஆகட்டும், பெருமையாக. "பாத்தீங்கள்ல மேடம், ஒரு நொடி கட் ஆகலையே."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த அம்மாள் வளையத்தை வாங்கி, மேசையிலிருந்த வெர்னியர் அளவுகோலில் வைத்துத் திருப்பித் திருப்பி அளந்தார். "கையாலயா ராவினீங்க?"

"கரண்ட் வந்தா லேத்துல முடிப்பேன். வரலன்னா என்ன பண்றது, வேலையைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

அவர் வளையத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இந்த ஊருக்கு இப்ப நான் வர முடியாது. எனக்கு ஒரு நாள் விளக்கு எரியறதுக்கு ஒரு தெருவையே நிறுத்தணும்னா, தினமும் யாரை நிறுத்துவாங்க? ஆனா நீங்க எங்க ஃபேக்டரிக்கு வாங்க. ரிப்பேர் செக்‌ஷன் முழுக்க உங்க பொறுப்பு."

ஃபேக்டரி இருப்பது மாமா இருக்கும் நகரத்தில்.

அக்கா அரத்தைக் கீழே வைத்தாள். "என்னடா சொல்ற?" என்று என்னைக் கேட்டாள். அவள் முகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"போய்ட்டு வாக்கா," என்றேன்.

திங்கட்கிழமை, வருகை அறிக்கை நிரப்ப உட்கார்ந்தேன். 'இந்த வருகையால் உருவான வேலைவாய்ப்பு' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். ஆகட்டும் எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே," என்று என் தோளில் தட்டினார். "ஒன்பது வருஷத்துல இதுதான் முதல்."