சீமாட்டியின் சாட்சி

இந்தக் காலத்தில் எவனும் எதையும் முடிவாகச் சொல்வதில்லை. தையற்காரன் சட்டையைக் கொடுத்து, "இப்போதைக்குப் போட்டுப் பாருங்க" என்கிறான். பல் வைத்தியர் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "இந்தப் பல்தானான்னு பார்ப்போம்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் சண்டை போட்டால்கூட, "தற்சமயம் உங்களோட பேசலை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். பட்டாளத்தில் அப்படியா? இல்லை என்றால் இல்லை. இரண்டாம் தரம் கேட்டால் உதை.

ஊனச் சான்று ஆபீஸிலிருந்து லாடத்தாருக்கு வந்த கடிதத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'தற்காலிக முடிவு' என்று போட்டிருந்தது.

"முடிவுன்னா முடிவு. தற்காலிகம்னா தற்காலிகம். ரெண்டையும் ஒட்டவச்சு எழுதியிருக்கானே, இது ஆபீஸா, இல்ல வானிலை அறிக்கையா?"

"முதல்ல படிங்க. அப்புறம் திட்டுங்க," என்றாள் மனைவி.

"படிச்சா திட்டு குறைஞ்சிடும்."

பட்டாளத்தில் பதினேழு வருடம் மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளோடு காலம் தள்ளியவர் அவர். அதனால்தான் தெருவில் லாடத்தார் என்ற பெயர். நாற்பது வருடத்துக்கு முன், ஒரு மலைப்பாதையில், சீமாட்டி என்ற கழுதை அவருடைய வலது முழங்காலில் ஒன்று விட்டாள். அந்த உதை வயது ஏற ஏற வளர்ந்தது. இப்போது முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது.

ஆனால் வீடோ நாலாவது மாடி. ஓய்வுபெற்ற பட்டாளத்தாருக்கான அந்தக் குடியிருப்பில் லிப்ட் இருக்கவேண்டிய இடத்தில் துடைப்பங்கள் இருந்தன. அறுபத்து நாலு படி. லாடத்தார் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவார். மாதத்துக்கு ஒரு கால்சட்டை பின்பக்கம் தேய்ந்து போகும். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மனைவியின் ஊசியே வளைந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. ஊனச் சான்று இருந்தால்தான் அது கிடைக்கும். முப்பது நாளுக்குள் புது ஆதாரம் காட்டாவிட்டால் தற்காலிக முடிவு நிரந்தரமாகிவிடும். வீடும் பட்டியலில் அடுத்திருந்த எக்காளக்காரருக்குப் போய்விடும். ஊதி ஊதிக் கன்னம் தொங்கிப்போனது அவருடைய ஊனம்.

"கன்னத்துக்கும் மாடிப்படிக்கும் என்னடி சம்பந்தம்? அவன் கன்னத்தாலயா படி ஏறுறான்?"

மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மறுத்ததற்கு இரண்டு காரணம் சொல்லியிருந்தார்கள். ஒன்று, அவருடைய பட்டாள மருத்துவப் புத்தகத்தில் முழங்கால் காயம் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது காரணத்தைப் படித்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"பரிசோதனை அறைல விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சீங்களா?"

"மேஜர் டாக்டர் உள்ளே வந்தார். உக்காந்துகிட்டா இருக்கமுடியும்?"

"கால் நிக்கமுடியலன்னு சொல்லத்தானேய்யா போனீங்க!"

"எப்படி இருக்கேன்னு கேட்டார். 'நல்லா இருக்கேன் சார்'ன்னேன். அந்தக் கேள்விக்குப் பட்டாளத்துல வேற பதிலே கிடையாது."

"வலி?"

"அவர் வெளியே போனதுக்கு அப்புறம்தான் விழுந்தேன். ஒழுங்கான சிப்பாய் அப்படித்தான் விழுவான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய்க் கார்பனை அழைத்து வந்தாள். கார்பன் அதே படைப்பிரிவில் எழுத்தராக இருந்தவர். எதை எழுதினாலும் மூன்று பிரதி எடுப்பார். கடைக்குப் போகும் சீட்டுக்குக்கூட.

"உதை வாங்கினப்போ யாருகிட்ட வைத்தியம் பார்த்தே?" என்று கேட்டார் கார்பன்.

"மனுச டாக்டர் ரெண்டு நாள் நடை தூரத்துல இருந்தார். கழுதை டாக்டர்தான் பக்கத்துல. அவரே கட்டுப் போட்டார். களிம்பும் கழுதைக் களிம்புதான். ஒரு வாரம் காது விடைச்ச மாதிரியே இருந்துச்சு."

கார்பன் துள்ளிக் குதித்தார். "அடேய், அப்ப கழுதைப் பதிவேட்டுல இருக்கும்டா! உன் புத்தகம் எங்கேயாவது தொலைஞ்சிருக்கும். கழுதைப் புத்தகம் தொலையவே தொலையாது. கழுதை அரசாங்கச் சொத்து."

"அப்ப நான்?"

"நீ தானா வந்து சேர்ந்தவன்."

ஆவணக் கிடங்குக்கு மூன்று பிரதியில் கடிதம் போனது. இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒரே ஒரு பக்கம். கழுதை எண் நானூற்றுப் பதினேழு, பெயர் சீமாட்டி. பல், எடை, குணம் எல்லாம் பதிவாகியிருந்தன. கார்பன் சத்தமாகப் படித்தார்: "இடது பின்னங்காலில், குளம்புக்கு மேலே வீக்கம். காரணம், கடினமான ஒரு பொருளை உதைத்தது. மூன்று நாள் முழு ஓய்வு."

"அவளுக்கு மூணு நாள் ஓய்வா!" லாடத்தார் எழுந்தேவிட்டார். "எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே மூட்டை! யாரு மூட்டை தெரியுமா? அவ மூட்டை!"

"உன் பேரு இல்லையேடா," கார்பனின் முகம் தொங்கிப் போனது. "பொருள்னுதான் போட்டிருக்கு."

மனைவி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் விசாரணை. வழியெல்லாம் அவள் ஒரே பாடத்தை ஓதினாள்: "யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, செத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

அதிகாரியம்மா உள்ளே வந்தாள். லாடத்தாரின் உடம்பு தானாக எழும்பியது. மனைவி சட்டை வாலைப் பிடித்து இழுத்தாள். அவர் நாற்காலியில் தொப்பென்று விழுந்து, "அய்யோ" என்றார்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லா..." மேசைக்கு அடியில் ஒரு கிள்ளு விழுந்தது. "...இல்ல மேடம்."

மனைவி பையைக் கவிழ்த்தாள். பதினோரு கால்சட்டைகள் மேசையில் சரிந்தன. எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒட்டு. சிலதில் ஒட்டின் மேல் ஒட்டு.

"இது என்னம்மா?"

"இவர் படி இறங்குற லட்சணம். இந்த வருசத்துக்கு மட்டும்."

அதிகாரியம்மா ஒரு கால்சட்டையைப் பேனா முனையால் நகர்த்திவிட்டுப் பதிவேட்டுத் தாளைப் படித்தாள். "கடினமான பொருள்னு இருக்கு. பாறையா இருக்கலாம். மரமா இருக்கலாம். இது உங்க வீட்டுக்காரர்தான்னு எப்படி நம்புறது?"

"நான் முப்பத்தெட்டு வருசமா குடித்தனம் பண்றேன்மா. இதைவிடக் கடினமான பொருளை நான் பார்த்ததில்ல."

"அது ஆதாரம் ஆகாதும்மா."

"அப்ப கீழே பொடி எழுத்துல இருக்கிறதைப் படிங்க. இவருக்கும் இவர் சிநேகிதருக்கும் மூணு கண்ணாடி இருந்தும் கண்ணு இல்ல."

அதிகாரியம்மா தாளை மூக்கருகே கொண்டுபோனாள். "கட்டுத்துணி நான்கு சுருள் செலவு. இரண்டு சுருள் கழுதைக்கு. இரண்டு... உதைபட்ட பொருளுக்கு." நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "குறிப்பு: கட்டுப் போடும்போது பொருள் மருத்துவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது."

அதிகாரியம்மா தாளை மேசையில் வைத்தாள்.

"பாறை திட்டாதும்மா," என்றாள் மனைவி மெதுவாக.

"என்ன சொல்லித் திட்டினீங்க ஐயா?"

லாடத்தார் காது வரை சிவந்தார். "பொம்பளைங்க முன்னால சொல்லமுடியாது மேடம். அவரோட பரம்பரையையும் கழுதையோட பரம்பரையையும் கொஞ்சம் கலந்து பேசிட்டேன்."

அதிகாரியம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. கையில் முத்திரை குத்திய தாள் இருந்தது. "கீழ்த்தள வீடு உங்களுக்குத்தான். நாளைக்குச் சாவி வாங்கிக்கலாம்," என்று நீட்டினாள்.

அதிகாரி நின்றுகொண்டு கொடுக்கும்போது உட்கார்ந்து வாங்குவது எப்படி? லாடத்தார் சடாரென்று எழுந்து, குதிகால் ஒட்ட, நெஞ்சு விரிய, ஒரு சல்யூட் வைத்தார்.

"அம்மா, அதை எழுதிடாதீங்க!" மனைவி அலறினாள்.

"நான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் அதிகாரியம்மா.

நடைவழியில் லாடத்தார் தாளை எட்டத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இறுதி முடிவு. கழுதை எண் நானூற்றுப் பதினேழின் பதிவேட்டை ஏற்று ஊனச் சான்று வழங்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனைக்கு உட்பட்டது.'

"இறுதியாம், மறுபரிசீலனையாம். ரெண்டு வருசத்துல முழங்கால் திரும்ப முளைச்சிடுமா? அப்ப யாரைக் கூப்பிடுவான்? சீமாட்டி செத்து எத்தனையோ வருசமாச்சு!"

"வீடு கிடைச்சிருச்சுல்ல, விடுங்க. சந்தோசமா ஒரு டீ குடிக்கலாம்."

"நாப்பது வருசமா நான் சொன்னேன், ஒருத்தன் நம்பல. கழுதை ஒரே ஒரு தடவை சொல்லுச்சு, முத்திரை குத்திட்டான். அதுவும் என் பேரு எங்கேயாவது இருக்கா பாரு. பொருளாம், பொருள்!"

"அப்ப வேணாம்னு திருப்பிக் கொடுத்துடலாமா?"

"கொடுக்கிறேன்னு எவன் சொன்னான்?"

தாளை அவள் பையில், கால்சட்டைகளுக்கு நடுவே திணித்தார். அலுவலக வாசலில் நாலு படி. வழக்கப்படி உட்காரக் குனிந்தவர், ஜன்னலில் அதிகாரியம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு உட்காராமல், கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பரம்பரையைத் திட்டியபடி நின்றுகொண்டே இறங்கினார்.

"டீக்கடை இந்தப் பக்கம்ங்க!"

"சாவி கைக்கு வரட்டும், அப்புறம் குடிக்கலாம்," என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக, வீட்டை நோக்கி நொண்டிக்கொண்டே போனார்.